பொம்மை பேசாது

மாமா மாப்பிள்ளையோடு பேசுவதை நிறுத்தி அன்றோடு எட்டு மாதம். பேசாவிட்டால் போகிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரவர் வழியில் போகலாமே என்றால் அதற்கும் கொடுத்துவைக்கவில்லை. மாப்பிள்ளை, கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த ஒரு சைட்டில், முன்னால் நீட்டிய இரண்டு இரும்புக் கொம்பில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர். மாமா அதே வண்டிக்கு முன்னால் நின்று கைகாட்டுகிறவர். காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்தே தீர வேண்டும். பார்க்காவிட்டால் வண்டி நகரக் கூடாது. சம்பளம் வாங்கிக்கொண்டு சொந்த மாமனாரை முறைத்துக்கொண்டிருக்கிற வேலை உலகத்தில் தனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது என்று மாப்பிள்ளை நினைத்தார்.

கம்பி கட்டுகிறவரிலிருந்து இன்ஜினியர்வரை சைட்டில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான், இவர் மாமாதான். இதில் யாருக்கும் கூச்சமே இல்லை.

சண்டைக்கு முதல் காரணம் தரை. மாப்பிள்ளை அதற்கு முன்னால் பதினோரு வருடம் ஒரு பெரிய கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். அங்கே தரை வழவழவென்று சிமென்ட். குனிந்தால் தலை வாரிக்கொள்ளலாம். வண்டியின் கூரைமேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு ஓட்டினாலும் சிந்தாது என்று அவரே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். கிடங்கை மூடி நாலு மாதம் கழித்து மாமா வேலை பார்த்த சைட்டுக்கு வந்து சேர்ந்தார். இங்கே தரை என்று ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகம். நேற்று மேடாக இருந்தது இன்று பள்ளம். காலையில் கல்லாக இருந்தது மதியம் சேறு.

முதல் நாளே மாமா இன்ஜினியரிடம், பத்துப் பேர் காதில் விழும்படி, "கிடங்குல ஓட்டினவருங்க. மேடு பள்ளம் பார்த்துப் பழக்கமில்லை. ஒரு வாரம் காலி வண்டியா ஓட்டட்டும்" என்றார். நியாயமான யோசனைதான். அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் அவர் மாமா ஆக மாட்டாரே.

மாப்பிள்ளைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று மதியமே ஒரு பாரம் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். முப்பதடி போயிருப்பார். இடது முன்சக்கரம் பொதபொதவென்று சேற்றில் இறங்கியது. செங்கல் பாதி சரிந்தது. வண்டியை வெளியே இழுக்க சைட்டில் பாதிப் பேர் வர வேண்டியிருந்தது. மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "சொன்னேன்."

அந்த ஒரு வார்த்தைதான் மாப்பிள்ளையைக் கிளப்பிவிட்டது. "பள்ளத்தைக் காட்டத்தானே உங்களை நிக்க வச்சிருக்கு? சும்மா கையை விரிச்சுக்கிட்டு நிக்கறதுக்கு ஒரு சோளக்கொல்லை பொம்மையை நட்டு வச்சா போதுமே!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரிக்காமல் இருந்திருந்தால் விஷயம் அன்றே ஆறிப்போயிருக்கும். அன்று மாலை மாமா வீட்டுக்கு வந்து, காலணியைக் கழற்றாமல் வாசலில் நின்றபடி மகளிடம் சொன்னார்: "பொம்மை பேசாதுன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடு."

அத்தை இறந்துபோன பிறகு மாமா மகள் வீட்டோடுதான் இருந்தார். ஒரு கூடம், இரண்டு அறை, ஒரே ஒரு குளியலறை. பேசாத இரண்டு பேருக்கு அந்த வீடு ரொம்பச் சின்னது. முதல் மாதம் எல்லாப் பேச்சும் மகள் வழியாகவே போய்வந்தது. "நாளைக்கு ஏழரைக்கே கிளம்பணும்னு அவர்கிட்ட சொல்லு." "தெரியும்னு அப்பாகிட்ட சொல்லு." இரண்டு பேரும் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு இப்படி. மகளுக்கு வேலை, ஒரு புகார் மையத்தில் தொலைபேசி எடுப்பது. ஒரு நாள் அவள் கரண்டியை வைத்துவிட்டு, "காலையில இருந்து ஊரார் புகாரையெல்லாம் கேட்டுட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தும் உங்க ரெண்டு பேருக்கும் லைன் போட்டுத் தர முடியாது" என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு மாமா சைட்டின் கைஜாடைகளை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். டி.வி. சத்தம் அதிகமென்றால் உள்ளங்கையைக் கீழே பார்க்கவைத்து மெல்ல இறக்குவார். பாரத்தை இறக்கு என்று அர்த்தம். மின்விசிறியைக் கூட்டவேண்டுமென்றால் விரலை மேலே காட்டிச் சுற்றுவார். மாப்பிள்ளை குளியலறையை நோக்கிப் போகும்போது தனக்கு அவசரமென்றால், இரண்டு கையையும் நீட்டிப் பின்னால் தள்ளுவதுபோலக் காட்டுவார். மாப்பிள்ளைக்குக் கோபம் வரும். ஆனால் கோபம் வருவதற்குள் கால் தானாகப் பின்னால் நாலு அடி வைத்திருக்கும். பழகிய உடம்பு என்ன செய்யும்? மாமா அதற்குள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிடுவார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலையில் மாமாவைக் குறை சொல்ல யாராலும் முடியாது. தினமும் வண்டி கிளம்புமுன் ஒரு நீளமான இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு, வண்டி போகவேண்டிய தடம் முழுவதும் நடந்து குத்திப் பார்ப்பார். கம்பி சுலபமாக இறங்கும் இடத்தில் ஒரு குச்சியை நட்டு சிவப்புத் துணி கட்டுவார். பாரம் தரையிலிருந்து ஒரு அடிக்குமேல் உயர்ந்தால், நிறுத்து என்று உள்ளங்கை மேலே போய்விடும். சரிவில் வண்டியைத் திருப்பினால் அன்றைக்கு முகத்தில் விழிக்க முடியாது. ஒரு நாள் எலெக்ட்ரீஷியன் ஒருவர், "மாமா, அந்த ஃபோர்க்ல ஏறி நிக்கறேன், கொஞ்சம் தூக்கச் சொல்லுங்க, ஒரே ஒரு பல்பு மாட்டிடறேன்" என்று கேட்டுவிட்டார். "ஃபோர்க் சாமான் தூக்கறதுக்கு. ஆளைத் தூக்கறதுக்கு இல்ல" என்று தொடங்கி முக்கால் மணி நேரம் பிடித்துக்கொண்டார் மாமா. அந்த எலெக்ட்ரீஷியன் இன்றுவரை மாமாவைக் கண்டால் வேறு பக்கமாகப் போகிறார்.

மாமாவின் விதிகளிலேயே பெரிய விதி ஒன்று உண்டு. கைகாட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் வண்டி நிற்க வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. அடுத்த அங்குலம் நகரக் கூடாது.

மாமா இதையே ஆயுதமாகவும் ஆக்கிக்கொண்டார் என்பதுதான் மாப்பிள்ளையின் புகார். வீட்டில் ஏதாவது மனத்தாங்கல் என்றால், வேலை நடுவில் மாமா சும்மா இரண்டு அடி நகர்ந்து பாரத்துக்குப் பின்னால் மறைந்துகொள்வார். மாப்பிள்ளை பிரேக்கை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். போன மாதம் இரண்டு தடவை. மாமாவுக்குமுன் மாப்பிள்ளை பேப்பரைப் பிரித்துப் படித்த நாளில் பன்னிரண்டு நிமிடம். விருந்துக்கு வந்த நண்பரிடம் மாமாவின் குறட்டையை நடித்துக் காட்டியதற்கு மறுநாள் பத்தொன்பது நிமிடம். இன்ஜினியரின் நோட்டில் தாமதத்துக்குக் காரணம் எழுத ஓட்டுநர் என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. இரண்டு தடவையும் மாப்பிள்ளையின் தலையில்தான் விடிந்தது.

இப்படியிருக்க, எட்டாவது மாதம் முடிந்த அந்த நாள் வந்தது. மூன்று நாள் கொட்டித் தீர்த்த மழை விட்டிருந்தது. சைட்டின் உச்சியில், சரிவுக்கு மேலே, ஒரு கிரேன் காத்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு அது வேறு சைட்டுக்குப் போய்விடும். அதற்குள் ஒரு பெரிய கறுப்புத் தண்ணீர்த் தொட்டியை மேலே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மாடியில் ஏற்றுவது கிரேனின் பாடு. கிரேன்வரை கொண்டுபோவது மாப்பிள்ளையின் பாடு.

இன்ஜினியர் காலையிலேயே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இங்க பாருங்க மாப்பிள்ளை. ரெண்டு தடவை பொறுத்தாச்சு. இன்னிக்குப் பன்னிரண்டுக்குள்ள தொட்டி மேல வரலைன்னா நாளைக்கு வேற டிரைவர் வந்துடுவாரு. உங்க குடும்பச் சண்டைக்கெல்லாம் என்னால கிரேனை நிறுத்தி வைக்க முடியாது."

மாப்பிள்ளை கிடங்கு மூடியபிறகு நாலு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தவர். இந்த வேலையும் போனால் எந்த முகத்தோடு அந்தக் கூடத்தில் மாமாவுக்கு எதிரே உட்காருவது? அன்றைக்கு மட்டும் மாமாவுக்குக் கோபம் வராமல் இருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொண்டு என்ன? காலையில் அவர்தான் மாமாவின் ரேடியோவை வாளித் தண்ணீரில் தவறவிட்டிருந்தார். வீட்டில் மாமாவோடு விடாமல் பேசிக்கொண்டிருந்த ஒரே ஜீவன் அதுதான். முழுகி எழுந்தபோது அதற்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. மாமா அதை எடுத்துத் துடைத்து, ஜன்னலில் காயவைத்துவிட்டு, ஒரு ஜாடையும் காட்டாமல் வேலைக்குக் கிளம்பினார். அதுதான் மாப்பிள்ளையை அதிகம் பயமுறுத்தியது.

பதினொன்றே காலுக்குத் தொட்டி வண்டியில் ஏறியது. கயிறு கட்டி, பாரத்தை ஒரு அடி உயரத்தில் வைத்து, ஃபோர்க் ஏறி இறங்கும் தூணைப் பின்பக்கம் சாய்த்து மாப்பிள்ளை கிளம்பினார். பார்வையை மறைக்கிற பாரமென்றால் சமதரையில் பின்பக்கமாக ஓட்டிப் போகலாம். சரிவில் ஏறும்போது அது ஆகாது. பாரம் மேட்டைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் மொத்தமும் கவிழும். ஆகவே மாப்பிள்ளைக்கு முன்னால் தெரிந்ததெல்லாம் ஒரு கறுப்புத் தொட்டி, அதற்கு வலது ஓரத்தில் மாமாவின் ஆரஞ்சு ஹெல்மெட், இரண்டு கை. மற்றபடி அவர் குருடர்தான்.

மாமா கை வா வா என்றது. கொஞ்சம் இடது என்றது. வா என்றது. பாதிச் சரிவு ஏறியாகிவிட்டது. மணி பதினொன்று முப்பத்தைந்து. மாப்பிள்ளைக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

ஆரஞ்சு ஹெல்மெட்டைக் காணோம்.

மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார். வலது பக்கம் எட்டிப் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். ஹாரன் அடித்தார். தொட்டிதான் தெரிந்தது. "ஆரம்பிச்சுட்டாரு" என்றார் வாய்விட்டு.

ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று. கீழேயிருந்து இன்ஜினியர் இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினார். "ஏன் நிக்கறீங்க?"

"மாமாவைக் காணோம்!"

"டீ குடிக்கப் போயிருப்பாரு! நேராத்தானே போகணும், போங்க!"

மணி பதினொன்று நாற்பது. மாப்பிள்ளைக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஒரு ரேடியோவுக்காக மருமகன் பிழைப்பில் மண் அள்ளிப் போடுவாரா ஒரு மனுஷன்? இந்த வண்டி நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் நாளைக்கு வேறொருவர் இந்த இருக்கையில் உட்காருவதற்கான நிமிடம். தடம் நேர்தான். காலையில் மாமாவே கம்பியால் குத்திப் பார்த்த தடம்தான், ஒரு சிவப்புத் துணிகூட இல்லை. இன்னும் நாற்பதடி. மாப்பிள்ளையின் வலது கால் பிரேக்கிலிருந்து எழுந்தது. கைபிரேக்கைப் போட்டிருந்ததால் வண்டி அசையவில்லை. கால் ஆக்ஸிலரேட்டரின் மேல் போய் உட்கார்ந்தது.

அங்கேயே இருந்தது. அழுத்தவில்லை. ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. எட்டு மாதமாகக் கூடத்திலும் குளியலறை வாசலிலும் அந்தக் கைக்குக் கட்டுப்பட்ட கால், அந்தக் கையைக் காணாமல் முன்னால் போக மாட்டேனென்று அடம்பிடித்தது. அவ்வளவுதான்.

"சரி, இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்" என்று பல்லைக் கடித்தார். பாரத்தை மெல்லத் தரையில் இறக்கினார். கியரை நடுவில் போட்டார். எஞ்சினை அணைத்தார். சீட் பெல்ட்டைக் கழற்றினார். இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். சண்டைக்குப் போகிறபோதும் முறையாகத்தான் போனார், பழக்கம் அப்படி. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டியைச் சுற்றி முன்பக்கம் வந்தார். எட்டு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வசனமெல்லாம் நுனிநாக்கில் இருந்தது.

அங்கே தரையில் ஒரு ஆரஞ்சு ஹெல்மெட் இருந்தது. ஹெல்மெட்டுக்குக் கீழே மாமாவின் முகம் இருந்தது. முகத்துக்குக் கீழே எதுவும் இல்லை, சேறு மட்டும்தான். கழுத்துவரை புதைந்து, இரண்டு கையும் உள்ளே மாட்டிக்கொண்டு, மாமா நின்றுகொண்டிருந்தார். ஃபோர்க்கின் நுனிக்கும் அவர் மூக்குக்கும் நடுவே இரண்டு முழம் இருக்கலாம்.

மாப்பிள்ளையின் வசனமெல்லாம் எங்கே போயிற்றோ. மாமா அவரை நிமிர்ந்து பார்த்தார். புருவத்தை இரண்டு தடவை உயர்த்தினார். அந்த நேரத்திலும் அவர் ஜாடையைத்தான் காட்டினார்.

"ஐயோ மாமா!" என்று மாப்பிள்ளை போட்ட சத்தத்தில் மேலே கிரேன்காரரே எட்டிப் பார்த்தார். ஆட்கள் ஓடிவந்தார்கள். இன்ஜினியரும் ஓடிவந்தார். "போங்க" என்று கத்திய வாய் அவருக்குத் திறந்தபடியே இருந்தது. யாரோ, "கயிறு கட்டி ஃபோர்க்ல மாட்டு, ஒரே இழுப்பா இழுத்துடலாம்" என்றார். பதற்றத்தில் மாப்பிள்ளைக்கும் அதுவே சரியென்று பட்டது. தொட்டியைக் கழற்றிவிட்டு ஃபோர்க்கை மாமாவின் தலைக்கு மேலே கொண்டுவர வேண்டியதுதான். வண்டியை நோக்கி ஓடினார். இருக்கையில் ஏறினார். சாவியில் கை வைத்தார்.

நிறுத்து என்று காட்ட மாமாவுக்குக் கை இல்லை. இரண்டும் மண்ணுக்குள் இருந்தன.

"நிறுத்துங்க மாப்பிள்ளை!" என்று தொட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வெடித்தது. "ஃபோர்க் சாமான் தூக்கறதுக்கு! ஆளைத் தூக்கறதுக்கு இல்ல! எத்தனை தடவை சொல்றது!"

சைட்டே சிலையாக நின்றது. மாப்பிள்ளை கையைச் சாவியிலிருந்து எடுத்தார். கீழே இறங்கி வந்து மாமாவுக்கு முன்னால் சேற்றில் மண்டியிட்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது, சிரிப்பும் முட்டியது. "நீங்க இதுவரைக்கும் சொன்னதே இல்ல மாமா. எலெக்ட்ரீஷியன்கிட்டதான் சொன்னீங்க."

"அப்போ நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க?" என்றார் மாமா. "சரி, பேசிக்கிட்டே இருக்கறதா? வண்டியைப் பின்னால எடுங்க முதல்ல. கரை சரியுது. அப்புறம் பலகையைப் போட்டு, படுத்துக்கிட்டு, கையால தோண்டச் சொல்லுங்க. மண்வெட்டி வேண்டாம், கால்ல பட்டுடும்."

தன்னைத் தோண்டி எடுக்கிற வேலைக்கும் மாமாவே மேற்பார்வை பார்த்தார். எட்டு மாதத்துப் பேச்சு மொத்தமும் அந்தக் குழியிலிருந்து வந்தது. பலகை கோணலாக இருக்கிறது என்றார். இன்ஜினியரின் ஹெல்மெட் வார் கட்டவில்லை என்றார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பைப்காரரைப் பார்த்ததும் குரல் இன்னும் ஏறியது. விஷயம் என்னவென்றால், காலையில் மாமா தடத்தைக் குத்திப் பார்த்துவிட்டுப் போன பிறகு, பைப்காரர் பழைய பள்ளம் ஒன்றைத் திரும்பத் தோண்டிக் குழாயைச் சரிபார்த்துவிட்டு, மண்ணைத் தள்ளி மேலே அழகாக நிரவிவிட்டுப் போயிருக்கிறார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மண்ணின் நிறம் கொஞ்சம் வேறாகத் தெரிந்ததும் மாமா கம்பியோடு குறுக்கே போய்க் குத்தியிருக்கிறார். கம்பியும் போயிற்று, கையும் போயிற்று, மாமாவும் போனார். அவர் அங்கே போகாதிருந்தால் தொட்டி, வண்டி, மாப்பிள்ளை எல்லாம் சேர்ந்து அந்தப் பள்ளத்தில் கவிழ்ந்திருக்கும்.

மாமா வெளியே வர ஒரு மணி நேரம் ஆயிற்று. கிரேன்காரர் தன் முதலாளிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு மூன்று மணிவரை இருந்தார். தொட்டி வேறு தடத்தில் மேலே போய்ச் சேர்ந்தது. வேறு டிரைவரைப் பற்றி இன்ஜினியர் அதன்பிறகு வாயே திறக்கவில்லை. தன் நோட்டில் அன்றைய பக்கத்தைக் கிழித்துவிட்டார் என்று கேள்வி.

மாலையில் மூன்று வாளித் தண்ணீர் ஊற்றிக் குளித்துவிட்டு மாமா கூடத்தில் வந்து உட்கார்ந்தார். முழங்காலில் சிராய்ப்பு, அதைத் தவிர ஒன்றுமில்லை. மகள் அழுது முடித்திருந்தாள், இப்போது கோபத்தில் இருந்தாள்.

"ஏம்ப்பா, உள்ள விழுந்ததும் ஒரு சத்தம் போட்டிருக்கலாமில்ல?"

"யாரைக் கூப்பிடறது? பக்கத்துல இருந்தது இவர் ஒருத்தர்தான். இவர்கிட்டதான் நான் பேசறதில்லையே."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "வண்டி நிக்காம வந்திருந்தா?"

"அது எப்படி வரும்?" என்றார் மாமா, மிகவும் சாதாரணமாக. "ஆள் தெரியலைன்னா உன் வீட்டுக்காரர் நிப்பாரு. யார் என்ன கத்தினாலும் நிப்பாரு. அது தெரிஞ்சுதான் நானும் நிறுத்துன்னு காட்டாம குறுக்கே போயிட்டேன். தப்புதான். ரெண்டு தடவை வேணும்னே மறைஞ்சு நின்னதும் தப்புதான்."

அந்த ஆக்ஸிலரேட்டர் இன்னும் மாப்பிள்ளையின் பாதத்துக்குக் கீழே இருப்பதுபோல இருந்தது. யாரும் பார்க்கவில்லை, சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அவரால் அதை வைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

"மாமா, ஒரு நிமிஷம்... நீங்க வேணும்னுதான் மறைஞ்சீங்கன்னு நெனச்சு... காலை எடுத்து ஆக்ஸிலரேட்டர்மேல வச்சுட்டேன்."

ஜன்னலில் ரேடியோ காய்ந்துகொண்டிருந்தது. மாமா அவர் பக்கம் திரும்பினார்.

"அழுத்தினீங்களா?"

"இல்ல மாமா. ஆனா, நான் என்ன சொல்றேன்னா..."

மாமா வலது கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார். மாப்பிள்ளை அப்படியே நிறுத்திக்கொண்டார்.